சும்மாதான் ஓடினேன்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு நாற்பத்தேழு ஆகாது. அப்பா நாற்பத்தேழில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். அண்ணன் கோபால்சாமி சந்தவாசல் கடைத்தெருவில் வேர்க்கடலை மூட்டையைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அவருக்கும் நாற்பத்தேழு. 1984ஆம் வருஷம் தை மாதம் எனக்கு அந்த வயது வர இன்னும் ஐந்து மாதம் பாக்கி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவான், தூங்குவான்?

நான் ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் கூட்டுறவுச் சங்கக் கிடங்கின் எழுத்தர். மலைக்காரர்கள் கொண்டுவரும் புளியையும் தேனையும் எடைபோட்டுக் குறித்துக்கொள்வது வேலை. அதனால் மலை முழுக்க என் பெயர் புளி சார். ராஜவேலு என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது என் மனைவி சாந்தம்மாளுக்கே அவ்வப்போது மறந்துபோகும். அவள் சந்தவாசலில் இருந்தாள். நான் சனிக்கிழமை மலை இறங்கித் திங்கட்கிழமை ஏறுவேன்.

திருப்பத்தூரில் ஒரு டாக்டரிடம் போனேன். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்ல, தெனம் கொஞ்சம் நடங்க" என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்புகிற ஆள் நான் இல்லை. அண்ணனிடமும் அப்படித்தான் சொன்னார்கள். வெறும் நடைக்கெல்லாம் எங்கள் வீட்டு நாற்பத்தேழு மசியாது என்று பட்டது. அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகையில், ஏதோ வெளிநாட்டில் தலை நரைத்தவர்கள் இருபத்தாறு மைல் ஓடுகிற படம் வந்திருந்தது. ஒருவர் முகத்திலும் சாவுக்களை இல்லை. மறுநாள் விடிந்ததும் ஓட ஆரம்பித்தேன்.

முதல் நாள் இருநூறு கெஜம்கூடப் போகவில்லை, நாக்கு வெளியே வந்துவிட்டது. டீக்கடை சேட்டு அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தான்.

"இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டீங்களா? ஒரு சத்தம் குட்த்திருந்தா நிறுத்தி வச்சிருப்பேனே!"

சாந்தம்மாள் கேட்டது வேறு மாதிரி. "இந்த வயசுல உங்கள யாருங்க தொரத்துறாங்க?" யார் துரத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவளிடம் எப்படிச் சொல்வது? "சும்மாதான்" என்றேன். அதற்குமேல் யார் கேட்டாலும் அதே பதில்தான்.

பங்குனி பிறப்பதற்குள் ஆறு மைல் ஓடுகிறவனாகிவிட்டேன். இரண்டாவது மைல் தாண்டியதும் மூச்சு ஒரு சீருக்கு வரும். அப்போது கொஞ்ச நேரம் எனக்குப் பயமே இருக்காது. நாள் முழுக்க அந்தக் கொஞ்ச நேரம்தான். நின்றதும் மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணுவேன். எண்ணிக்கை கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். இடது தோளில் ஒரு பிடிப்பு வந்தால் மூட்டை தூக்கியதால் வந்ததா, அண்ணனுக்கு வந்ததுதான் வந்துவிட்டதா என்று மதியம் வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

சேட்டுவின் கிண்டலுக்குத் தப்பித்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை தார்ச்சாலையை விட்டுப் பலாக்கொல்லைக்குப் போகிற வண்டித்தடத்தில் திரும்பினேன். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். அதுவரை அவ்வளவு தூரம் ஓடியதில்லை. இங்கேதான் என் புத்தி மேயப் போய்விட்டது. ஒன்பது வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன். தபால் எட்டிப்பார்க்காத இந்தச் சின்ன ஊர்களுக்குச் சாவுச் சேதி எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? ஒரு ஆள் ஓடி வருவான். வழியில் யாரிடமும் பேசமாட்டான். வேறு எதற்கும் இங்கே பெரியவர்கள் ஓடுவதில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டார்கள், அடுத்தது வரும் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் மறந்தேன். பலாக்கொல்லை வேடியப்பன் எங்கள் சங்கத்து உறுப்பினர். வயிற்றில் கட்டி என்று ஒன்பது நாளைக்கு முன்னால்தான் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். போகிற அன்றைக்கு அவர் மனைவி செல்லி கிடங்கு வாசலில் வந்து நின்று, "எதுனா சேதி வந்தா எங்களுக்குச் சொல்லி அனுப்புங்க சார்" என்றாள். "சொல்லி அனுப்புறது இன்னா, நானே வந்து சொல்றேன்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தேன்.

ஊருக்கு வெளியே பெரிய புளியமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். வளைவில் நான் தெரிந்ததும் தட்டுகிற சத்தம் நின்றது. தெரிந்த முகங்கள் ஆயிற்றே என்று கையைத் தூக்கி ஆட்டினேன். ஒருத்தி எழுந்து ஊருக்குள் ஓடினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

மரத்தடிக்கு வந்து முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செல்லி எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். கையில் புளி தட்டுகிற கட்டை அப்படியே இருந்தது.

"எப்போ?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் பொறு, மூச்சு வரட்டும் என்று கையைக் காட்டினேன். அவள் அந்தக் கையையே பார்த்தாள். கட்டை கீழே விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். "என் வேடியப்பா" என்று ஒரு குரல் எழுந்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

"யாரும் சாவல!" என்று கத்தினேன். "அவரு நல்லா இருக்காரு!"

ஊருக்குள்ளிருந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் ரங்கன், வேடியப்பனின் தம்பி. என் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

"நல்லா இருக்காருன்னா அப்புறம் இன்னாத்துக்கு சார் ஓடியாந்தீங்க?"

"சும்மாதான் ஓடினேன்."

"சும்மாவா?"

"சும்மாதான் ரங்கா. தெனம் ஓடுறேன். உடம்புக்கு நல்லதுன்னு ஓடுறேன்."

ரங்கன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "சரிங்க சார். நீங்க பதமாத்தான் சொல்லுவீங்க. எங்களுக்குப் புரிஞ்சிபோச்சி" என்றான்.

என்ன சொல்லி என்ன! செத்துப்போனார் என்று யார் வந்து நேராகச் சொல்கிறார்கள்? கொஞ்சம் முடியவில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்கள். அண்ணன் செத்த அன்றைக்கு எனக்கு வந்த சேதி, "அண்ணனுக்கு லேசா மயக்கம், பயப்பட ஒண்ணுமில்ல." நானும் அந்த நிமிஷமே புரிந்துகொண்டு வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். இப்போது வேடியப்பன் நன்றாக இருக்கிறார் என்று நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் நிச்சயமாகச் செத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எவ்ளோ தொல ஓடியாந்தாரு பாரு, நல்ல மனுஷன்" என்று அழுதாள்.

உண்மையில் வேடியப்பன் எப்படி இருக்கிறார் என்று எனக்கும் தெரியாதே. அது அப்போதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ரங்கன் இரண்டு பேரிடம் கடப்பாரை, மண்வெட்டி எடுத்துவரச் சொன்னான். பிணம் வண்டியில் சாயங்காலம் வந்துவிடும், பொழுது இறங்குவதற்குள் அடக்கம் பண்ண வேண்டும், சுடுகாட்டு நிலமோ வெறும் பாறை, இப்போதே ஆரம்பித்தால்தான் ஆகும் என்பது அவன் கணக்கு. தோண்டிய குழியைச் சும்மா மூடக் கூடாது, அது ஒரு ஆளைக் கேட்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் சந்தவாசலிலும் அப்படித்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். ஆனாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று சொன்னால் அது பொய்.

"குழி வெட்டாதீங்க ரங்கா. உன் கால்ல வேணா வுழறேன். போஸ்டாபீஸ்ல போன் போட்டுக் கேட்டுட்டு வந்துடுறேன்."

"வெயில் ஏறிட்டா கடப்பாற எறங்காது சார்."

"உச்சிப்பொழுது வரைக்கும் பொறு. அதுக்குள்ள வந்துடுவேன்."

அவன் அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். செல்லி என்னைப் பார்க்கவே இல்லை.

திரும்பி ஓடினேன். வந்தபோது உடம்புக்காக ஓடிய ஓட்டம், இப்போது வேறு ஓட்டம். வேடியப்பன் உண்மையிலேயே போயிருந்தால் என்ன செய்வது? என் கால்தான் அவரைக் கொன்றது என்று ஆகுமா? உயிரோடு இருந்தார் என்றால், அதற்குள் குழி வெட்டிவிட்டால் அது யாரைக் கேட்கும்? ஊரில் ஐம்பது பேர் இருக்கலாம். ஆனால் நாற்பத்தேழை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான் ஒருவன்தானே. மூன்று இடத்தில் கல் தடுக்கியது. மூச்சு ஒரு சீருக்கு வரவே இல்லை.

தபாலாபீஸ் இன்னும் திறக்கவில்லை. வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். போஸ்ட்மாஸ்டர் பத்து மணிக்கு நிதானமாக வந்து, சாவியைத் தேடி, சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி, அப்புறம்தான் டிரங்கால் புக் பண்ணினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் சுவர்க்கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஆஸ்பத்திரி ஆபீசில் யாரோ ஒரு குமாஸ்தா பேசினார்.

"வேடியப்பனா? அந்தப் பேர்ல நேத்து ஒருத்தர் தவறிட்டாரே. எந்த ஊரு?"

கையிலிருந்த டெலிபோன் கருவி நழுவப் பார்த்தது. "ஜவ்வாது மலைங்க."

"அவரும் மலைதான். மலையிலிருந்து மூணு வேடியப்பன் வந்திருக்காங்க இங்க. அப்பா பேர் இன்னா?"

மலையில் சாமி பெயரே வேடியப்பன். வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர் இருக்கும். உறுப்பினர் பதிவேட்டின் பக்கத்தை நினைவில் புரட்டினேன். எத்தனையோ தடவை நானே எழுதிய வரி, கண்ணுக்குள் வர மாட்டேன் என்றது. பிறகு வந்தது. "குப்பன்! குப்பன் மகன் வேடியப்பன், பலாக்கொல்லை!"

"இருங்க, பாத்துட்டு வர்றேன்" என்று கருவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வெறும் இரைச்சல் கேட்டது. மூன்று நிமிஷம் முடிந்தது என்று டெலிபோன்காரி குறுக்கே வந்தாள். "அம்மா, தாயே, நீட்டுங்க" என்று கெஞ்சினேன்.

"ஹலோ, இருக்காருங்க. வெள்ளிக்கிழம ஆபரேஷன்."

"நெஜமாவே இருக்காரா? பரவால்ல, மறைக்காம சொல்லுங்க. நான் தைரியசாலி."

"யோவ், கஞ்சியில உப்பு பத்தலன்னு நர்ஸம்மாகிட்ட சண்ட போட்டுனு கீறாருய்யா! இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

கருவியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் நேராகத் தலைக்கு வர இன்னும் ஒரு மணி நேரமோ, அதற்குக் கொஞ்சம் கூடவோ இருந்தது. பலாக்கொல்லைக்குப் பஸ் கிடையாது. காலையிலிருந்து பத்து மைல் ஓடியாகிவிட்டது, வயிற்றில் ஒன்றுமில்லை. சேட்டு கடைவாசலிலிருந்து என்னவோ கேட்டான். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஒரு வாழைப்பழத்தை உரித்து என் கையில் திணித்தான். தின்றுகொண்டே ஓடினேன்.

மூன்றாவது மைலில் நெஞ்சுக்குள் ஒரு வலி வந்தது. இடது பக்கம்தான். வந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் உட்கார்ந்த மாதிரியே எனக்கும் உட்காரத் தோன்றியது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே படுத்திருப்பேன். ஆனால் வேடியப்பன் உயிரோடு இருக்கிறார் என்கிற சேதி இந்த மலையில் என் ஒருத்தனிடம்தான் இருந்தது. நான் இங்கே விழுந்தால் அதுவும் என்னோடு போய்விடும். அங்கே வளையலை உடைப்பார்கள், குழி வெட்டுவார்கள். "பலாக்கொல்லை வரைக்கும் இரு, அப்புறம் உன் இஷ்டம்" என்று நெஞ்சிடம் வாய்விட்டுச் சொன்னேன். வலி போகவில்லை. ஆனால் நானும் நிற்கவில்லை.

கடைசி மேட்டில் ஏறியதும் சுடுகாடு தெரிந்தது. கடப்பாரை பாறையில் படும் சத்தம் கேட்டது. ரங்கன் பொறுக்கவில்லை. கத்திக்கொண்டே ஓடலாம் என்று வாயைத் திறந்தேன். உடனே நின்றேன். மறுபடி ஓடிப்போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? ஒரு தடவை ஓடிவந்து பட்டது போதாதா? நடந்தேன். கையை வீசிக்கொண்டு, சந்தைக்குப் போய்விட்டு வருகிறவன் மாதிரி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கடப்பாரைச் சத்தம் கேட்டது. அந்த இரண்டு பர்லாங் தூரம் என் ஆயுளில் பாதியைத் தின்றது.

செல்லி தலைவிரிகோலமாக வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"போன் பண்ணேன். இருக்காரு. வெள்ளிக்கிழமதான் ஆபரேஷன்."

சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதமாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

"கஞ்சியில உப்பு பத்தலன்னு நர்ஸம்மாகிட்ட சண்ட போடுறாராம்."

செல்லி மெல்லத் தலையைத் தூக்கினாள். "இன்னான்னு?"

"உப்பு பத்தலன்னு."

அவள் முகம் கோணியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான். "அவருதான்" என்றாள். "அந்த மனுஷந்தான். முப்பது வருஷமா இதே ரோதன." ஊருக்கே அப்போதுதான் மூச்சு வந்தது. ஒருத்தி சுடுகாட்டுப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினாள். கடப்பாரைச் சத்தம் நின்றது.

பிறகு செல்லிக்குக் கோபம் வந்தது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். சாரும் போயிற்று, மரியாதையும் போயிற்று.

"ஏன்யா ஓடுன? சொல்லு. இன்னாத்துக்கு ஓடுன?"

சும்மாதான் என்று வாய்வரை வந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை. அப்பாவைச் சொன்னேன். அண்ணனைச் சொன்னேன். ஆனி வந்தால் எனக்கும் நாற்பத்தேழு ஆகிறது, பயமாக இருக்கிறது, ராத்திரியில் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன் என்றேன். சாந்தம்மாளிடம் சொல்லாததை ஊர்நடுவில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

அவள் சட்டையை விட்டாள். "ஓடினா வுட்டுடுமா அது?" என்றாள்.

"தெரியலம்மா."

சுடுகாட்டுக்குப் போனோம். முழங்கால் ஆழத்துக்குமேல் குழி வெட்டியிருந்தார்கள். ரங்கன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். யாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. செல்லி வீட்டுக்குப் போய் ஒரு கோழியைக் கொண்டுவந்தாள். முட்டையிடுகிற கோழி. அதைக் குழிக்குக் கொடுத்தார்கள். மண்ணை நான்தான் தள்ளி மூடினேன். யாரும் சொல்லவில்லை, நானே மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். கடைசி மண்ணைப் போட்டதும் ரங்கன், "கோழி பத்துமோ, பத்தாதோ" என்று முணுமுணுத்தான். எல்லார் கண்ணும் ஒரு கணம் என்மேல் வந்து போனது.

கிளம்பும்போது செல்லி கூடவே மரத்தடி வரை வந்தாள். கோபம் அடங்கிவிட்டிருந்தது.

"நாளைக்கி வருவீங்களா சார்?"

"சத்தியமா இந்தப் பக்கம் காலே வெக்கமாட்டேன்மா. ஓட்டத்தையே வுட்டுடுறேன்."

"அது ஆவாது. நீங்க வரலேன்னா, குழி புளி சார எட்த்துக்கிச்சின்னு இங்க பேச ஆரம்பிச்சிடுவாங்க. வெள்ளிக்கிழம அவரு வவுத்த அறுக்கப் போறாங்க. அந்தப் பேச்ச காதுல வாங்கினு நான் எப்டி உக்காந்திருப்பேன்? வாங்க. ஓடியே வாங்க."

மறுநாள் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. தொடை இரண்டும் கட்டையாக இருந்தன. முதல் வேலையாக நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அடித்துக்கொண்டிருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று ஆயிரம் தடவை யோசித்தேன். போய்ச் சேராமல் வழியில் விழுந்தால் அதுவும் அவள் தலையில்தானே விடியும் என்று பயந்தேன். பயந்துகொண்டேதான் கிளம்பினேன். நொண்டி நொண்டித்தான் ஓடினேன், ஆனால் ஒரு இடத்திலும் நடக்கவில்லை.

வளைவில் திரும்பியதும் புளி தட்டுகிற சத்தம் நின்றது. ஒருத்தரும் எழவில்லை. செல்லி மட்டும் எழுந்து பாதைக்கு வந்தாள். நான் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றேன். எனக்கு மூச்சு வரும்வரை அவள் பேசாமல் காத்திருந்தாள்.

"சேதி இன்னா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பதமாகச் சொல்கிறேனா என்று கண், வாய், நெற்றி எல்லாவற்றிலும் தேடினாள். நான் நிமிர்ந்து நின்று அவளுக்கு நன்றாகக் காட்டினேன். பிறகு அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி" என்றாள். "நாளைக்கும் இதையே கொண்டாங்க."